ஒண்டும் இல்லை, மச்சாள்

மச்சாள்,

என்னுடைய ஹெல்மெற்றுக்குள் கோழி அடைகிடக்கிறது. கொட்டிலில், ஸ்கூட்டிக்குப் பக்கத்து மேசையில் அதை மல்லாத்தி வைத்திருந்தேன். மெத்தை போட்ட கூடு கிடைத்தால் எந்தக் கோழிதான் விடும்? சிவத்தப் பேடு ஏறி இருந்துவிட்டது. கை கிட்டப் போனால் கொத்துகிறது. உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, இதை ஒருக்கால் தூக்கிவிடுங்கோ என்றேன். "வாறன்" என்றார். என் வீட்டுக்காரருடைய "வாறன்" எப்படிப்பட்டது என்று அவருடைய அக்காவுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் வருவதற்குள் குஞ்சுகள் பொரித்து, வளர்ந்து, அவையும் முட்டையிடத் தொடங்கிவிடும்.

தைத்த சட்டைகளைப் பரந்தன் சந்திக் கடைக்குக் கொடுக்கவேண்டிய நாள் அது. சந்தியில் பொலிஸ் நிற்கும், வெறுந்தலையோடு போக முடியாது. அதனால் அலுமாரிக்கு மேலே இருந்த உங்கள் ஹெல்மெற்றை எடுத்தேன். நீங்கள் போனபிறகு அதை ஒருவரும் தொடவில்லை. தூசியைத் தட்டி, தலையில் போட்டு, பட்டியை மாட்டினேன். தலையிடித் தைலமும் நல்லெண்ணெயும் கலந்த உங்கள் மணம் உள்ளே அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெற்றுக்குள் அழுவது பெரிய வில்லங்கம், மச்சாள். கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகார் மூடுகிறது, மூக்கைச் சீற வழியில்லை. உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "என்ன, கோழி கொத்திப்போட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஊருக்கெல்லாம் நீங்கள் மருத்துவிச்சி அம்மா. எனக்கு மச்சாள், உங்களுக்கும் நான் மச்சாள். நான் உங்களை "நீங்கள்" என்பேன், நீங்கள் என்னை "நீர்" என்பீர்கள். அந்த "நீர்" என்பதற்குள் கொஞ்சம் அதட்டலும் கொஞ்சம் செல்லமும் இருக்கும். இப்போது என்னை அப்படிக் கூப்பிட வீட்டில் ஆளில்லை.

பெற்றோல் வராத சண்டைக்காலத்தில் நீங்கள் ஓடியது மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் அடைத்துத் தாலிக்கொடியைவிடக் கவனமாக வைத்திருந்ததாகச் சொல்வீர்கள். சைக்கிளை ஒரு பக்கம் சரித்து, சொட்டு விட்டு, உதைத்து, அது புகை கக்கி உயிர் பெற்றபிறகு, வேலை முடியும்வரை அணைப்பதே இல்லை. உள்ளே பிள்ளை பிறந்துகொண்டிருக்கும். வெளியே வேலியோரம் சைக்கிள் குடுகுடுவென்று நிற்கும். இடம்பெயர்ந்தபோது அது ஏதோ ஒரு சேற்றுக்குள் நின்றுபோயிற்று. அதற்குப்பிறகு எத்தனையோ வருஷம் நீங்கள் எதையும் ஓடவில்லை. எங்கே போவதென்றாலும் உங்கள் தம்பியின் பின் சீற்றில்தான்.

அந்தச் செத்தவீடு மட்டும் வராமலிருந்தால் அப்படியே இருந்திருப்பீர்கள். உங்களோடு வேலை செய்த சிநேகிதி ஒருவர் புதுக்குடியிருப்பில் இறந்துபோனார். விடிய வெளிக்கிட்டு, குடையும் கையுமாகப் படலையடியில் நின்றீர்கள். உங்கள் தம்பி "வாறன்" என்று போய், முடி வெட்டி, தேத்தண்ணி குடித்து, ரியூப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது பிரேதம் எடுத்தாயிற்று. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்து குசினி வாசலில் இருந்தீர்கள்.

"அவளின்ர முகத்தைக்கூட நான் பாக்கேல்லை மச்சாள். இனி ஆரின்ர 'வாறன்'ஐயும் நம்பி நான் ஒரு இடத்துக்கும் போகமாட்டன்."

அடுத்த கிழமையே லண்டனில் இருக்கும் மகனிடம் ஸ்கூட்டி கேட்டீர்கள். ஸ்கூட்டி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்களும் விட்டுவிட்டுத் திரும்ப ஓடுகிறவர்களும் போகலாம், அதில் அம்மா பாஸ் பண்ணினால்தான் ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைக் கையில் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஸ்கூட்டியை விற்றுவிடுங்கோ என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டான். உங்கள் தம்பிக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அதிகாரம் கிடைத்தது. திறப்பை அரைநாண் கயிற்றில் முடிந்துகொண்டு திரிந்தார். நீங்கள் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை! அவர் நடக்கும்போது அது கிலுங்குகிற சத்தம் கேட்டாலே உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தனியப் போகேலாது. நீரும் வாரும்" என்றீர்கள். எனக்குத் தள்ளுவண்டிகூட ஓடத் தெரியாது. ஆனாலும் வந்தேன்.

மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, மண் நிரப்பிய சோடாப் போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பயிற்றுநர் செட்டிகுளத்துப் பெடியன். எங்கள் தையல் மெசினைவிட வயது குறைவு. புது ஆட்கள் ஒரு பக்கம், பழைய ஆட்கள் ஒரு பக்கம் என்று எங்களைப் பிரித்தான். நீங்கள் பழைய ஆட்களின் பக்கம் பட்டுச்சேலைக்காரி போல நிமிர்ந்து நடந்துபோனீர்கள். முதல் காரியமாக, கொடுத்த ஸ்கூட்டியை ஒரு பக்கம் சரித்தீர்கள். அவன் விழப்போகிறீர்கள் என்று ஓடிவந்து பிடித்தான்.

"அம்மா, ஏன் சரிக்கிறீங்கள்?"

"சரிக்காமல் எப்பிடியடா தம்பி ஸ்டார்ட் வரும்?"

அவன் ஒரு பொத்தானை அமர்த்திக் காட்டினான். ஸ்கூட்டி சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. நீங்கள் அதைச் சந்தேகமாகப் பார்த்தீர்கள். இவ்வளவு சுகமாக வந்தது நிலைக்காது என்ற முகம்.

பிறகு நிற்பாட்டச் சொன்னான். நிற்பாட்டினீர்கள். எஞ்சினை அணைக்கச் சொன்னான். அதற்கு மட்டும் கை வரவில்லை.

"அணைச்சுப்போட்டு ஆர் திருப்பி எடுக்கிறது? பெற்றோல் போகும்."

"அம்மா, இது ஓடுறதே பெற்றோலிலைதான்."

"ஓடட்டும். அதுக்காக வீணாக்கிறதே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சோடாப் போத்தல்களைப் பார்த்தேன். எனக்கு அந்த வகுப்பு நன்றாகவே போனது, மச்சாள். பழக்கம் ஒன்றும் இல்லாததால் சொன்னதைச் செய்தேன். ஒரே ஒரு தடவை வாய்க்காலுக்குள் விழுந்தேன். அதுவும் ஹெல்மெற் போட்டு, பட்டி மாட்டி, முறைப்படி விழுந்ததாக அவன் எல்லோருக்கும் சொல்லிப் பாராட்டினான்.

ஹெல்மெற் பாடத்துக்கு அவன் தலையளவில் இரண்டு வத்தகப்பழம் கொண்டுவந்தான். ஒன்றுக்கு ஹெல்மெற் மாட்டி மேசையிலிருந்து விழுத்தினான், ஒன்றும் ஆகவில்லை. மற்றதை வெறுமனே விழுத்தினான், சிதறியது. இதுதான் உங்கட தலை என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான். பெரிய பயங்கரமான மௌனம் வரவேண்டிய இடம் அது. நீங்கள் எழும்பிப் போய், சிதறிய தலையைப் பொறுக்கி, மண் படாத பக்கமாக ஆளுக்கொரு துண்டு கொடுத்தீர்கள். நல்ல வெயில். அவனும் ஒரு துண்டு தின்றான்.

ஆனால் உங்களை ஹெல்மெற் போடவைப்பது அவனால் ஆகவில்லை. போடுவீர்கள். போட்டு, ஒரு பக்கமாக இழுத்து, வலது காதை வெளியே எடுத்து விட்டுக்கொள்வீர்கள்.

"அம்மா, ரெண்டு காதும் உள்ளுக்கை போகவேணும்."

"ஒண்டு உள்ளுக்கைதானே இருக்குது. மற்றது வெளியிலை வேலையாயிருக்குது."

என்ன வேலை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கொண்டை அமத்துது என்றீர்கள் ஒரு நாள். வேர்க்குது என்றீர்கள் இன்னொரு நாள். நானும் உங்களுடைய பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

எட்டுப் போடுகிற பாடத்தன்று தெரிந்தது. நீங்கள் பழைய ஆட்கள் சுற்றிச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் புது ஆட்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று நீங்கள் எட்டின் நடுவிலிருந்து விலகி, சோடாப் போத்தல்களைச் சரித்துக்கொண்டு, மைதான ஓரத்து வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் உழவு மெசின் ஓடுகிற ஐயா போனார். அவருக்குப் பின்னால் மரக்கறி வியாபாரி. பழைய ஆட்கள் எல்லோரும் மரத்துக்குக் கீழே. ஒருவரும் எஞ்சினை அணைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சத்தம் கேட்டது. ஒரு ஹெலிகொப்டர், இரணைமடுப் பக்கமிருந்து வந்து, தன் பாட்டில் மேலாகப் போனது.

பயிற்றுநர் மைதானத்தின் நடுவில் விசிலோடு நின்றான். இளம் பிள்ளைகள் வெயிலுக்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மரத்தடியில் நீங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். முதலில் அந்த ஐயாதான் சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தீர்கள். உங்களுக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு.

"அம்மா, ஏன் கோட்டை விட்டுப் போனீங்கள்?" என்று கேட்டான் அவன்.

"தம்பி, இது பாதுகாப்பு வகுப்புத்தானே? நாங்கள் பாதுகாப்பாய்த்தான் நிக்கிறம். வெயிலுக்கை நிக்கிற அந்தப் பிள்ளையளுக்குத்தான் நீர் படிப்பிக்கவேணும்."

அவனும் சிரித்தான். பிறகு விசிலைக் கழுத்தில் விட்டுக்கொண்டு, "என்ர அம்மாவும் கிறைண்டர் போட்டா முதல் மேலைதான் பார்ப்பா" என்றான். ஆனாலும் கடைசி நாள் சோதனையில் கோட்டை விட்டு விலகினாலோ, காதை வெளியே எடுத்தாலோ பெயில்தான் என்று சொல்லிவிட்டான். அது அவனுடைய வேலை.

அன்று பின்னேரம் மைதான வாசலில் உங்கள் தம்பிக்காகக் காத்திருந்தோம். "வாறன்" என்றுதான் போனில் சொல்லியிருந்தார். நீங்கள் ஹெல்மெற்றை மடியில் வைத்து, பட்டியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தீர்கள்.

"என்னாலை ஏலாது மச்சாள். காதை மூடினா முதுகு கூசுது. அந்தச் சைக்கிளிலை ஒருக்கால் பிள்ளைப்பெத்தவளையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வந்தனான். குண்டுபோட வந்த பிளேன் காதிலை கேட்டபடியாத்தான் மரத்துக்குக் கீழை ஒதுங்கினனான். மூண்டு பேரும் இண்டைக்கு இருக்கிறம். இனி ஒண்டும் வராது எண்டு எனக்குத் தெரியும். என்ர காதுக்குத் தெரியாது."

இவ்வளவு காலமும் ஒரே வீட்டுக்குள் இருந்தும் இதை நீங்கள் சொன்னதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் காதை மூடுங்கோ. நான் திறந்து வைச்சிருக்கிறன். ஏதும் வந்தால் நான் கேட்டுச் சொல்லுறன்."

"நீரோ? உமக்குக் குக்கர் விசிலே கேக்காது."

"கேக்கும். எழும்பப் பஞ்சியிலை இருக்கிறனான்."

நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். ஏதோ ஒரு பிள்ளைப்பேற்றைப் பொறுப்பெடுக்கலாமா விடலாமா என்று யோசிக்கிற பார்வை. "சரி, பாப்பம்" என்றீர்கள்.

சோதனை நாள் வந்தது. என்னுடையது எப்படியோ முடிந்தது, பாஸ். உங்கள் முறை வந்தபோது நான் கோட்டுக்கு வெளியே, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிகிற இடத்தில், வெறுந்தலையோடு போய் நின்றேன். நீங்கள் இரண்டு காதையும் உள்ளே விட்டு, பட்டியை மாட்டினீர்கள். ஸ்கூட்டி வெளிக்கிட்டது.

"ஒண்டும் இல்லை மச்சாள்!" என்று கத்தினேன்.

ஒவ்வொரு வளைவிலும் கத்தினேன். கத்தியது உங்களுக்குக் கேட்டதோ தெரியாது, கையை விரித்து ஆட்டியது தெரிந்திருக்கும். முறைக்குக் காத்துநின்ற மரக்கறி வியாபாரி கிட்ட வந்து கேட்டார்.

"என்னக்கா இல்லை?"

"ஒண்டுமே இல்லை எண்டுதான் சொல்லுறன், பேசாமல் நில்லுங்கோ."

எட்டுப் போட்டீர்கள். போத்தல் ஒன்றும் விழவில்லை. கடைசியாக நேர்க்கோட்டில் வந்து, சுண்ணாம்புக் கோட்டில் நிற்பாட்டி, எஞ்சினை அணைக்கவேண்டும். பாதித் தூரத்தில் வரும்போது எனக்குக் கேட்டது. தூரத்தில் ஒரு இரைச்சல். ஹெல்மெற்றைத் தாண்டி உங்களுக்கும் அது எட்டியிருக்க வேண்டும், கைப்பிடி வேப்பமரத்துப் பக்கம் மெல்லத் திரும்பியது. உங்கள் கண் என் முகத்தில் இருந்தது. நான் மேலே பார்த்தேன். ஒன்றுமில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு மனுசன் முதுகில் மெசினைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"புல்லு வெட்டுறாங்கள் மச்சாள்! புல்லு!" என்று குனிந்து, கையால் புல் வெட்டிக் காட்டினேன். மைதானம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. தையல்காரிக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கைப்பிடி நேராகியது. கோட்டில் கொண்டுவந்து நிற்பாட்டினீர்கள். ஒருமுறை மேலே பார்த்தீர்கள். பிறகு உங்கள் கை போய்த் திறப்பைத் திருகியது. எஞ்சின் நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றி, வேர்த்து வழிந்த முகத்தோடு என்னைப் பார்த்து, "அணைச்சுப்போட்டன். கேட்டுதோ?" என்றீர்கள்.

வீட்டில் உங்கள் தம்பி அரைநாண் முடிச்சு இறுகிப்போய்விட்டது, நாளைக்கு அவிழ்த்துத் தருகிறேன் என்று சாட்டுச் சொன்னார். நீங்கள் என் தையல் மெசினில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, "அவிழ்க்கிறியோ, வெட்டட்டோ?" என்று கேட்டீர்கள். முடிச்சு உடனே அவிழ்ந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் போகாத இடமில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனோம். நீங்கள் பிறப்பித்த பிள்ளைகளின் கலியாணங்களுக்குப் போனோம். மாப்பிள்ளையின் காதைப் பிடித்து, உன்ர தலைதான் முதல் வரமாட்டனெண்டு நிண்டது என்று மணவறையிலேயே சொன்னீர்கள். செத்தவீடுகளுக்குப் பறை வருவதற்கு முன்பே போய் நின்றீர்கள். சில வீடுகளில் ஆளுக்கு மூச்சு நிற்பதற்கு முன்பே போய்விட்டோம் என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனால் பிறகு ஒரு முகத்தையும் நீங்கள் பார்க்காமல் விட்டதில்லை.

பின் சீற்றில் இருந்து, ஒவ்வொரு மதகு தாண்டும்போதும் நான் உங்கள் முதுகில் தட்டிச் சொல்வேன், "ஒண்டும் இல்லை மச்சாள்." பின்னால் இருக்கிறவரும் ஹெல்மெற் போடவேண்டும் என்பது சட்டம். என் காதும் மூடித்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நான் தட்டாவிட்டால் நீங்கள் வேகத்தைக் குறைத்து, "என்ன, நித்திரையே?" என்று கேட்பீர்கள்.

போன மாரியில் ஆசுபத்திரியில் கட்டிலில் கிடந்தீர்கள். சீனியும் இருதயமும் சேர்ந்து உங்களைப் படுக்கப்போட்டிருந்தன. மேலே பான் சுற்றும் சத்தத்துக்கு ஒருக்கால் கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். நான் உங்கள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தட்டினேன். "ஒண்டும் இல்லை மச்சாள், பான்தான்." கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் செத்தவீட்டுக்கும் உங்கள் தம்பி பிந்தித்தான் வந்தார். கதிரை ஏற்றிவரப் போனவர். வந்து உங்கள் காலடியில் இருந்து அவர் அழுத அழுகையை நீங்கள் பார்த்திருந்தால் மன்னித்திருப்பீர்கள். நான் மட்டும் பிந்தவில்லை. அதை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

கோழி ஏறின அன்று சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, வயல் நடுவில், உங்கள் ஹெல்மெற்றுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது. எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது, மச்சாள். சண்டைக்காலத்தில் நான் மோட்டார் சைக்கிள் ஓடினவள்கூட இல்லை. ஆனால் ஸ்கூட்டி தன்பாட்டில் தெருவோரத்து மருதமரத்துக்குக் கீழே போய் நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றிச் சீற்றில் வைத்துவிட்டு, வெறும் காதோடு நின்று கேட்டேன். மேலே பார்த்தேன். தூரத்தில், வெள்ளைப் புள்ளியாக ஒரு விமானம் ஆரையோ ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அது மறையும் வரைக்கும் நின்றேன். பிறகு உங்கள் ஹெல்மெற்றின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்டும் இல்லை மச்சாள்" என்று சொன்னேன்.

மண்வெட்டியோடு வரம்பில் வந்த ஒரு ஐயா என்னையும் ஹெல்மெற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?"

"மச்சாளோடை" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். ஹெல்மெற்றைப் போட்டு, இரண்டு காதையும் உள்ளே விட்டு, பட்டியை மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணப் பொத்தானில் விரலை வைத்தபோதுதான் பார்த்தேன். இவ்வளவு நேரமும் நான் எஞ்சினை அணைக்கவே இல்லை.